வரிசைக் கயிறு

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர, பெரிய ற இரண்டும் இன்றைக்கும் எனக்குத் தகராறுதான். ரூமில் இருக்கும் ஒரு தம்பி பிழை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கண்ணுக்கும் தப்பியது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆள் முன்னால் பேச வராது எனக்கு. அதனால்தான் எழுதுகிறேன்.

துபாயில் தேரா பக்கம் ஒரு கார்கோ கடையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். முன்னால் ஒரு மேஜை, பின்னால் ஒரு யார்டு, அவ்வளவுதான் கடை. ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சாமான் அனுப்பும் கடை அது. செருப்பு, துணி, பாத்திரம், பிளாஸ்டிக் பூ என்று என்ன வந்தாலும் சாக்கில் அமுக்கி, பட்டை போட்டு, கோணி ஊசியால் தைத்து பேல் கட்ட வேண்டும். பிறகு பேல்களைக் கண்டெய்னருக்குள் அடுக்க வேண்டும். ட்ரெய்லர் வந்து ஜெபல் அலி துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போகும்.

சாமான் வாங்க வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அந்தத் தெருவில் எல்லோரும் அவர்களை மம்மி என்றுதான் கூப்பிடுவோம். நான் சொல்ல வந்த மம்மி கானா நாட்டுக்காரி. மற்றவர்கள் இரண்டு வாரம் விசாவில் வந்து போவார்கள். இவள் அங்கேயே குடியிருந்தாள். பின் சந்தில் இரண்டு அறை வீடு. ஊரிலிருந்து வருகிற பெண்கள் அவளிடம்தான் தங்குவார்கள். அவளோடுதான் கடைகளுக்குப் போவார்கள்.

அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கண்டெய்னர் ஏற்றும் நாளில் காலையிலேயே வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். கண்டெய்னர் வாய்க்கு நேரே போட்டு, உள்ளே பார்த்தபடி உட்காருவாள். ஜூன் மாதம், இரும்புப் பெட்டிக்குள் நின்றால் வேர்வை காதுக்குள் இறங்கும். வெளியே அவள் அட்டையால் விசிறிக்கொண்டு, "மாஸ்டர், அது நை. வெளியே எடு" என்பாள். நை என்றால் கூடாது; தெருவில் பழகிய அரைகுறை இந்திதான் எங்களுக்குள் பேச்சு. கையால் வேலை செய்கிற எல்லோரும் அவளுக்கு மாஸ்டர்.

அவளுக்கு வேண்டியது வரிசை. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு கண்டெய்னர் முழுவதையும் ஒருத்தியால் நிரப்ப முடியாது. ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து பிடிப்பார்கள். முதலில் உள்ளே போகிற பேல் அந்தக் கரையில், அவர்கள் ஊரில், கடைசியாகத்தான் வெளியே வரும். கடைசியில், கதவோரமாக ஏற்றியது முதலில் வரும். அங்கே ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் இறக்குவார்களாம். கதவோரத்துக்காரி சந்தையில் விற்றுத் தீர்த்த பிறகுதான் உள்சுவர்க்காரிக்குச் சாமான் கைக்கு வரும். அதற்குள் அதே செருப்பு ஊரெல்லாம் தொங்கும். அதனால் எல்லோருக்கும் கதவோரம் வேண்டும்.

இவள் அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். ஒவ்வொருத்தியும் தன் பேலின் காதில், அதாவது தைத்த மூலையில், தன் துணியில் ஒரு கீற்றைக் கிழித்துக் கட்டுவாள். ஒருத்திக்குச் சிவப்பு, ஒருத்திக்குப் பச்சையில் புள்ளி. அதே துணிகளை மம்மி ஒரு நீளக் கயிற்றில் வரிசையாக முடிந்து வைத்திருப்பாள். கயிற்றின் ஒரு நுனி உள்சுவர், மறு நுனி கதவு. நான் எதையும் படிக்க வேண்டியதில்லை; கயிற்றைப் பார்த்து அடுக்கினால் போதும். அடுத்த கண்டெய்னருக்கு முடிச்சுகளை ஒவ்வொரு இடம் தள்ளிக் கட்டுவாள். இந்தத் தடவை கதவோரம் இருந்தவள் அடுத்த தடவை உள்ளே தள்ளிப் போவாள். எல்லோருக்கும் ஒரு நாள் கதவு வரும். அவள் ஒருத்திக்குத்தான் வராது. அவளுடைய நீலமும் மஞ்சளுமான துணி எப்போதும் உள்சுவரில்தான்.

"ஏன் மம்மி, நீயும் சுத்தி வரலாமே?" என்று என்னோடு வேலை செய்த செல்லையா ஒரு நாள் கேட்டான்.

"கயிறு யார் கையில?"

"உன் கையில."

"அப்ப நான் உள்ளே. நான் ஒரு நாள் கதவுக்கு வந்தா, அடுத்த நாள் கயிறை யார் நம்புவா?"

ஒரு தடவை முக்கால் பெட்டி அடுக்கி முடித்துவிட்டோம். எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். பச்சைப் புள்ளிக்குப் பின்னால் வர வேண்டிய ஒரே ஒரு ஊதா பேல் முன்னால் வந்துவிட்டது. என் தப்புதான். குல்லு வெளியே என்றாள். குல்லு என்றால் எல்லாம்.

எங்கள் ஃபோர்மேன் நாகர்கோவில்காரர். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாத்தையுமா? ட்ரெய்லர் வந்து நிக்கி பாத்துக்க. ஒரு மூடைக்காக நாப்பது மூடைய எறக்கவா? லேய், இந்தப் பொம்பள என்னைய ஊருக்கு அனுப்பாம விடமாட்டா."

செல்லையா தமிழில் நன்றாகத் திட்டினான். "நீ நாற்காலியில குந்திக்கிட்டு சொல்லிப்புடுவ. உள்ள வந்து ஒரு மூட்டையத் தூக்கிப் பாரு, தெரியும் சேதி."

அவளுக்குத் தமிழ் தெரியாது. திட்டு என்று தெரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றி வைத்தாள், பாவாடையை இடுப்பில் செருகினாள், உள்ளே வந்து ஒரு பேலைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். செல்லையா விலகி வழிவிட்டான். நாற்பது பேலையும் இறக்கி மறுபடி ஏற்றினோம். முடிந்ததும் எல்லோருக்கும் மோர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள். ஊதா பேல்காரிக்கு இதெல்லாம் நடந்ததே தெரியாது. அவள் அன்று விமானத்தில் இருந்தாள்.

அந்தத் தெருவையே இவளும் இவளைப் போன்றவர்களும்தான் மாற்றினார்கள். இதைச் சொன்னால் கடைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் கண்ணால் பார்த்தேன். முன்பெல்லாம் மத்தியானம் ஒரு மணியானால் தெரு மூடிவிடும். நாலு மணிக்குத்தான் ஷட்டர் ஏறும். இரண்டு வாரம் விசாவில் வந்தவளுக்கு மூன்று மணி நேரம் பெரிய நேரம் இல்லையா? மம்மி ஒரு நாள் பன்னிரண்டு பெண்களைக் கூட்டி வந்து ஒரு செருப்புக் கடை வாசலில் அட்டையை விரித்து உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போடவில்லை, தட்டவில்லை. சும்மா உட்கார்ந்து வாழைக்காய் வறுவல் தின்றார்கள். இப்படி நாலு நாள். ஐந்தாம் நாள் எதிர்க் கடைக்காரன் மத்தியானம் திறந்தான். பன்னிரண்டு பேரும் எழுந்து எதிர்ப்பக்கம் போனார்கள். ஒரு மாதத்தில் தெருவே மத்தியானம் திறந்தது.

செருப்புப் பெட்டியைப் பிரித்து, இடதும் வலதும் ஜோடிதானா என்று பார்க்காமல் வாங்க மாட்டாள். அதனால் கடைகளில் ஸ்டூல் வந்தது. மலையாளிப் பையன்கள் அவள் பாஷையில் எண்ணிச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். மளிகைக் கடையில் தக்காளிக்குப் பக்கத்தில் பெரிய சேனை மாதிரி ஒரு கிழங்கும், சிவப்பு எண்ணெயும் வந்தன. வெள்ளிக்கிழமை காலையில் சந்தில் ஒரு வாசம் வரும். "எவன்டா அவன், கருவாடு வறுக்கிறது? எனக்குக் கொடுக்காம?" என்று செல்லையா மாடி மாடியாகத் தேடிப் போனான். கதவைத் திறந்தது மம்மி. அவர்கள் ஊரிலும் கருவாடு உண்டாம். ஒரு கிண்ணம் குழம்போடு இறங்கி வந்தான். அதற்குப் பிறகு அவளைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்தான்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

மம்மி தனக்கென்று வாங்குவது குழந்தைகளின் ஷூ. கிறிஸ்துமசுக்கு விற்பதற்கு. ஒரு வருஷம் அவள் பேல்கள் கடைசியில் இறங்கி, கிறிஸ்துமஸ் கழிந்துதான் ஊரில் அவளுக்காக விற்கிற தங்கை கைக்குக் கிடைத்தன. விற்கவில்லை. ஒரு வருஷம் வீட்டில் கிடந்தது. யார்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்: "குழந்தை கால் வளருது மாஸ்டர். ஷூ வளரல."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது மகளுக்கு ஷூ வாங்கிப் போவேன். ஒரு தடவையும் காலுக்குச் சேர்ந்ததில்லை. மனதில் இருக்கிற கால் வேறு, வாசலில் வந்து நிற்கிற கால் வேறு. அதனாலோ என்னவோ, அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது.

அடுத்த நவம்பரில் கிறிஸ்துமஸ் கண்டெய்னர் ஏற்றும் நாள். அன்றைக்கு அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. அவளிடம் தங்கியிருந்த ஒரு பெண்ணுக்கு வயிற்றுவலி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. ஓடி வந்து கயிற்றை என் கையில் கொடுத்தாள்.

"மாஸ்டர், கயிறு சொல்ற மாதிரி. சரியா?"

"எஸ் மம்மி."

கதவோர நுனியில் சிவப்புத் துணி இருந்தது. அந்தச் சிவப்புத் துணிக்காரி புதுசு. ஒரு வருஷம் காத்திருந்து முதல் தடவையாகக் கதவு முறை வந்திருந்தது. நீலமும் மஞ்சளும் வழக்கம்போல் உள்சுவர் நுனியில்.

நான் மம்மியின் பேல்களை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு மற்றவற்றை அடுக்கினேன். செல்லையா கேட்டான்: "அண்ணே, மம்மியோடது முதல்ல போவணுமுல்ல?"

"இன்னைக்கு மாத்திச் சொல்லிருக்கா" என்றேன். பேசத் தெரியாதவனுக்குப் பொய் மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக வந்ததோ.

கடைசியாக நீலமும் மஞ்சளும் கதவோரம் ஏறின. சிவப்பு அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஒரு இடம்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். கதவைச் சாத்தி சீல் வைத்தார்கள். ட்ரெய்லர் போன பிறகு மம்மி வந்தாள். "கயிறு மாதிரியா?" என்றாள். எஸ் மம்மி என்றேன். தோளில் தட்டினாள். அன்று சாயங்காலம் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் ஒருவருக்குச் செய்த பெரிய உதவி என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

அந்தக் கரையில் கண்டெய்னரைத் திறந்தபோது எல்லோரும் கூடி நின்றார்களாம். முதல் பேலின் காதில் நீலமும் மஞ்சளும்.

ஜனவரியில் அந்தப் பெண்கள் வந்தார்கள். இந்தத் தடவை அவர்கள் மம்மியின் வீட்டில் தங்கவில்லை. மத்தியான வெயிலில், செருப்புக் கடைகளுக்கு நடுவில், அவளைச் சுற்றி நின்று கத்தினார்கள். ஏழு பேர். ஸ்டூலில் இருந்த கடைக்காரர்கள் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். பாஷை புரியவில்லை, புரியவேண்டிய அவசியமும் இல்லை. சிவப்புத் துணிக்காரி அழுதுகொண்டே கத்தினாள். நான் பத்தடி தூரத்தில் ட்ராலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மம்மி என்னைப் பார்த்தாள். அருகில் வந்தாள்.

"மாஸ்டர், கயிறு பார்த்துத்தானே ஏத்தின?"

இருபது பேராவது பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். ஃபோர்மேன் யார்டு வாசலில் நின்றார். வேலை போய்விடும், விசா போய்விடும் என்றெல்லாம் இப்போது காரணம் சொல்லலாம். அந்த நேரத்தில் அதெல்லாம் மனதில் வரவில்லை. இத்தனை கண்கள் என் மேல் இருக்கின்றன என்பது மட்டும்தான் இருந்தது.

"எஸ் மம்மி."

அவள் திரும்பி அவர்களிடம் ஏதோ சொன்னாள். பிறகு எனக்கும் புரியட்டும் என்று எங்கள் தெரு இந்தியில் சொன்னாள்: "என் மாஸ்டர் பொய் சொல்ல மாட்டான். துறைமுகத்துல யாரோ மாத்தி அடுக்கிருக்காங்க."

ஏழு பேரில் மூத்தவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு கயிறு மம்மியின் கையை விட்டுப் போய்விட்டது. அவர்கள் வேறு கார்கோவுக்குப் போனார்கள். மூத்தவள் புதிதாக ஒரு கயிறு முடிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகும் மம்மி நாற்காலியோடு வந்தாள். இருந்தது அவளுடைய நாலைந்து பேல் மட்டும். யார் யாருடையதோடோ சேர்த்து ஏற்றுவோம். அப்போதும் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், அவங்க முன்னால வந்தவங்க, அவங்களுக்குக் கதவு விடு" என்பாள். யாரென்றே தெரியாதவர்களுக்கு! ஃபோர்மேன் முணுமுணுப்பார். நான் உள்ளே நின்று பல்லைக் கடித்துக்கொள்வேன். அவள் மேல் கோபமா, என் மேல் கோபமா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

மார்ச்சில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில், யார்டில் யாரும் இல்லாதபோது சொல்லிவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, இருக்கிற இந்தியையெல்லாம் சேர்த்து, ஷூ, கிறிஸ்துமஸ், கதவு என்று உளறினேன். உனக்காகத்தான் மம்மி என்றேன்.

அவள் விசிறிக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைத்தாள்.

"நான் கேட்டேனா?"

"இல்ல மம்மி."

"ஒரு தடவையாவது கேட்டேனா?"

"இல்ல."

"பின்னே எனக்காக எப்படி ஆகும்?"

என் மணிக்கட்டைப் பிடித்தாள். பேல் தூக்கிய கை அது, பிடி இறுகியது. தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தாள். செருப்புக் கடையில், மறுபடி சாமான் வாங்க வந்திருந்த அந்தப் பெண்கள் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னை அவர்களுக்கு நடுவில் நிறுத்தினாள். "சொல்லு" என்றாள்.

சொன்னேன். எனக்கே ஆச்சரியம், முழுதாகச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவர்கள் பாஷை பேசப் பழகியிருந்த கடைக்காரன் அவர்களுக்கு எடுத்துச் சொன்னான். மம்மிக்குத் தெரியாது, நான்தான் மாற்றினேன், கயிறு சரியாகத்தான் இருந்தது.

சிவப்புத் துணிக்காரி கையிலிருந்த ஷூவைப் பெட்டிக்குள் வைத்தாள். நிதானமாகக் கேட்டாள். கடைக்காரன் எனக்குச் சொன்னான்: "அன்னைக்கு இதே தெருவுல ட்ராலியைப் பிடிச்சிட்டு நின்னியே. இவ உன்கிட்ட வந்து கேட்டா. நீ எஸ் மம்மின்னு சொன்ன. அது பொய்யா, இது பொய்யான்னு கேக்குறா."

அது பொய் என்றேன்.

"ரெண்டு மாசம் இவகூட இருந்து இந்தக் கதையைக் கத்துக்கிட்டு வந்தியான்னு கேக்குறா."

மூத்தவள் ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரன் அதை எனக்குச் சொல்லவில்லை.

மம்மி என் மணிக்கட்டை விட்டாள். தனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று காத்திருந்தேன். பேசவில்லை. சிவப்புத் துணிக்காரியைக் காட்டி மூத்தவளிடம் சொன்னாள், அடுத்த கண்டெய்னரில் இவளுக்குக் கதவு கொடு, இவள் முறை போய்விட்டது, அது மட்டும் நிஜம் என்று. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள் மூத்தவள். இரண்டையும் கடைக்காரன்தான் எனக்குச் சொன்னான்.

வெளியே வந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். யார்டு வாசல் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு இருந்தது அந்த நம்பிக்கை ஒண்ணுதான்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு எங்கள் கார்கோவுக்கு வரவே இல்லை.

அடுத்த வருஷம் வேலைகள் குறைந்து, பலர் ஊரைக் காலி செய்தார்கள். பின் சந்து வீட்டில் வேறு யாரோ குடிவந்தார்கள். மளிகைக் கடையில் கேட்டேன். ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள், அபுதாபி போனாள் என்றும் சொன்னார்கள். கிழங்கும் சிவப்பு எண்ணெயும் அங்கேயேதான் இருந்தன. எங்கள் கார்கோவும் மூடிவிட்டது. நான் இப்போது அஜ்மானில் ஒரு கிடங்கில் இருக்கிறேன். தேரா பக்கம் போனால் மத்தியானம் இரண்டு மணிக்கும் தெரு திறந்துதான் கிடக்கிறது. யாரால் என்று அங்கே யாருக்கும் தெரியாது. பெண்கள் கண்டெய்னர் ஏற்றுகிற யார்டுகளில் இன்றும் கயிறு முடிகிறார்கள் என்று செல்லையா சொன்னான். கயிறு பிடிப்பவள் கதவோரமும் எடுத்துக்கொள்கிறாளாம். யாரும் கேட்பதில்லையாம்.

அன்று நம்பாத ஏழு பேரில் ஒருத்திக்கும் தமிழ் தெரியாது. இது அவர்கள் கைக்குப் போகாது. போனாலும், இவன் வாயால் பேசினதையே நம்பவில்லை, பேனாவால் எழுதினால் நம்புவோமா என்பார்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். அந்த நவம்பரில் அவள் கயிறு சரியாகத்தான் இருந்தது. நீலமும் மஞ்சளும் உள்சுவர் நுனியில்தான் இருந்தன. மாற்றியது நான்.

12.3.2010, வெள்ளிக்கிழமை, அஜ்மான்.